சிலைக்குத் திரும்பிய விளக்கு

பசிபிக் பெருங்கடலின் ஏதோ ஒரு மூலையில், வரைபடம் போட்டவர்களே மறந்துவிட்ட தீவு ஒன்று. அதில் சங்குத்துறை என்றொரு துறைமுக ஊர். ஊரார் செய்த புண்ணியம், அவர்களுக்கு ஒரு மகாபிரபு வாய்த்திருந்தார். தேர்தலும் உண்டு. பிரபு வேண்டும் என்பவர்கள் அவரைப் பார்த்து நிற்க வேண்டும், வேண்டாதவர்கள் முதுகைத் திருப்பிக்கொள்ளலாம். இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இருட்டினால் பிரபுவின் சிலை தெரியவில்லையே, ஜனங்கள் யாரைப் பார்த்து நன்றி சொல்வார்கள் என்று நன்றித்துறை அமைச்சர் உருகிப்போனார். கலங்கரை விளக்கைத் திருப்பிச் சிலையின் முகத்தில் அடிக்க வைத்தார். கப்பல்கள் வழி தெரியாமல் போயின. அரிசி வரவில்லை. துறைமுகம் அமைதியானதற்கு நன்றி சொல்லும்படி ஆணை வந்தது. படகு திரும்பத் தாமதமானால் வீட்டுக்கொரு பந்தத்தை அடுப்பில் கொளுத்திக் கரைக்குக் கொண்டுபோவது அந்த ஊர் வழக்கம். சிலைக்குப் போட்டி என்று அதற்கும் வேட்டு வைத்தார்கள்.

அன்று பொழுது சாய்ந்தும் நீலாயியின் புருஷன் கொடியான் போன படகைக் காணோம். துறைமுக வாயிலில் இரண்டு பக்கமும் பாறை. வெளிச்சம் இல்லாவிட்டால் படகு சுக்குநூறுதான். நீலாயி அமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, ஒரே ஒரு பந்தம் ஏத்திக்கிறேனே!"

"சட்டவிரோதம். பிரபுவுக்கு நன்றி சொல்வதற்கு மட்டுமே தீ ஏற்றலாம்."

நீலாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்குத்தாங்க. அமைதி குடுத்த பிரபுவுக்குப் பந்தம் புடிச்சு நன்றி சொல்லணும்னு ஊரே துடிக்குது. நீங்க வேணாம்னுட்டீங்கன்னு சொல்லிடட்டுமா?"

அமைச்சருக்கு வியர்த்தது. "சேச்சே! தாராளமாகப் பந்தம் பிடித்து நன்றி சொல்லுங்கள்!"

பாறைகள் மேல் வரிசையாகத் தென்னோலைப் பந்தங்கள் எரிந்தன. முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள்கூடக் கடலைப் பார்த்து அடுத்தடுத்து நின்றார்கள். மாடத்திலிருந்து பார்த்த பிரபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்.

"எல்லாரும் ஏன் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள்?"

"தங்கள் திருமுக ஒளியில் கண் கூசுகிறதாம், பிரபு" என்றார் அமைச்சர்.

படகு பாறைகளுக்கு நடுவே நுழைந்து பத்திரமாகக் கரை சேர்ந்தது. கொடியான் குதித்து இறங்கினான்.

"என்ன புள்ள, திருவிழாவா?"

"நன்றி சொல்ற விழா."

"யாருக்கு?"

நீலாயி, கரி படிந்த கைகளோடு நின்ற ஒவ்வொருவரையும் கும்பிட்டாள். "நல்லா இருக்கணும், நீங்க எல்லாரும்!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

விழாவில் மனம் குளிர்ந்த பிரபு, வரும் தேர்தலையும் அதே பாறைகள் மேல், அதே பந்த வெளிச்சத்தில், படகுகள் திரும்பும் நேரத்தில் நடத்த உத்தரவிட்டார்.

ஊரார் முதன்முறையாக அவருக்கு மனமார நன்றி சொன்னார்கள்.