ஒரே ஒரு நாள் கறுத்த குடுவை

கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருக்க வேண்டிய கரைசல், அரிசி கழுவிய தண்ணீராட்டம் குடுவையில் சுழன்றுகொண்டிருந்தது.

"இன்னைக்கும் கறுக்கலையா?" என்று கேட்டார் யோகலட்சுமி மேடம். கிறிஸ்டியின் ஆராய்ச்சிக்கு அவர்தான் வழிகாட்டி.

"லேசா ஒரு மஞ்சள் தெரியுது மேடம்."

"அது ஜன்னல் வெயில்."

விஷயம் இதுதான். ஃபீனால் மூலக்கூறுகள் இரண்டைச் சேர்த்துவைக்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வந்து ஆளுக்கொரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது தானாக நடக்கிற கல்யாணம் இல்லை. நடுவில் ஒரு தரகர் வேண்டும். அவருக்கு வினையூக்கி என்று பெயர். மற்றவர்கள் செம்பு உப்பு, இரும்பு உப்பு என்று தேடிப்போனபோது, கிறிஸ்டி வாழைப்பூவைப் பிடித்தாள். நறுக்கிய பூ கறுக்கிறதே, அது ஏன்? பூவிலிருக்கும் ஃபீனால்கள் காற்றுப் பட்டு ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதால்தான். சேர்த்துவைக்கும் நொதியும் பூவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தரகரைக் கொஞ்சம் நம் குடுவைக்கு அழைத்துவந்தால் என்ன?

யோசனை நல்ல யோசனைதான். போன மாதம் ஒரு நாள் குடுவை கும்மென்று கறுத்தது. சோதித்துப் பார்த்தால் மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாக நின்றன. அந்த ஜோரில் கட்டுரை எழுதி அனுப்பியும் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்னும் கறுத்ததில்லை, பின்னும் கறுக்கவில்லை.

"ஒரு தடவை நடந்தா அதுக்குப் பேரு அதிர்ஷ்டம்மா, ஆராய்ச்சி இல்ல. வெள்ளிக்கிழமை என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டு. இல்லேன்னா கட்டுரையைத் திரும்ப வாங்கிடுவோம்" என்றார் மேடம்.

கட்டுரை போனால் டாக்டர் பட்டம் போச்சு. அந்தப் பயம் ஒரு பக்கம். அதைவிட, அன்றைக்கு மட்டும் ஏன் கறுத்தது என்ற கேள்விதான் கிறிஸ்டியைப் பிடுங்கித் தின்றது.

அவளுக்கு வாழைப்பூவைச் சாப்பிடத் தெரியும், ஆயத் தெரியாது. வீட்டில் சமையல் கணவன் ஆரோக்கிய பிரபுவின் பொறுப்பு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், காலையில் பூவை ஆய்ந்து, வேகாத நரம்பான கள்ளனை ஒவ்வொன்றாக உருவி, நறுக்கி, டப்பாவில் அடைத்துக் கொடுப்பான். அவள் அதை ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோவாள்.

"என்னங்க, பூவை நல்லாக் கழுவுனீகளா?"

"கழுவாம? மூணு தண்ணி அலசுறேன்."

"ஏதோ அழுக்குத்தான் தடுக்குது. இன்னும் சுத்தமா வேணும்."

சமையலில் குறை சொன்னால் பிரபுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "நாளைக்குப் பாரு" என்றான்.

மறுநாள் டப்பாவைத் திறந்தாள். பூ மல்லிகைக்குப் போட்டியாக வெளுத்திருந்தது. ஐஸ் பெட்டிக்கு இப்படி ஒரு மகிமையா என்று அசந்துபோய், அரைத்துச் சாறெடுத்துக் குடுவையில் விட்டாள். முன்பு தெரிந்த ஜன்னல் மஞ்சள்கூட இப்போது இல்லை.

"பூ பழசா இருக்குமோ?"

"சந்தையில வாங்குனா அப்புடித்தான். மானகிரித் தோட்டத்துல போயி மரத்துலருந்தே வெட்டியாரேன்" என்று விடியுமுன்னே வண்டியை எடுத்தான் பிரபு. பூ வந்தது; பனி ஈரம்கூடக் காயவில்லை. குடுவை அசைந்துகொடுக்கவில்லை.

அளவு போதவில்லையோ என்று அடுத்த சந்தேகம். அரியக்குடியிலிருந்து ஒரு சாக்குப் பூ வந்து இறங்கியது. லேபுக்கு ஒரு டப்பா போக மிச்சமெல்லாம் வடையாகவும் பொரியலாகவும் கூட்டாகவும் மாறியது. அதையெல்லாம் சாப்பிட வீட்டில் கிடைத்தவர், பிரபுவின் அப்பா மரியசூசை. ஓய்வுபெற்ற வாத்தியார், சாதுவான மனுஷன்.

"இன்னைக்கும் பூவா, மாதாவே!" என்று மட்டும் சொல்லிக்கொண்டு தட்டின் முன் உட்காருவார்.

புதன்கிழமை கிறிஸ்டிக்குப் பொறுமை போய்விட்டது. "கொஞ்சங்கூடக் கறை இருக்கக் கூடாதுங்க! ஆஸ்பத்திரிப் பஞ்சு கணக்கா இருக்கணும்!"

"எனக்கா பூ ஆயச் சொல்லித் தாரே? எங்கம்மாகிட்டப் படிச்சவன் நான். ராத்திரியே ஆரம்பிச்சுர்றேன், போதுமா?"

வியாழக்கிழமை வந்த பூ, ஆஸ்பத்திரிப் பஞ்சே வெட்கப்படும்படி இருந்தது. கரைசலோ பளிங்காட்டம் நின்றது. எதிர்ப்பக்கம் நின்ற யோகலட்சுமி மேடத்தின் மூக்குத்தி அதில் துல்லியமாகத் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். அழுகை வரும்போல் இருந்தது.

"முடிஞ்சுபோச்சு மாமா. நாளைக்குக் கட்டுரையைத் திரும்ப வாங்குறோம்."

"ஏம்மா, நல்ல பூவாத்தானே கொண்டுபோற?"

"நல்ல பூதான் மாமா. புதுசு, சுத்தம், வெள்ளை வெளேர்னு இருக்கு. எல்லாம் சரியா இருக்கு, அப்பவும் கறுக்க மாட்டேங்குது. பட்டம்கூட வேணாம். அன்னைக்கு மட்டும் எப்புடி கறுத்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும்."

பிரபு வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை.

மரியசூசை வடையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"விடு தாயி. இந்தப் பூ வாரது நின்னா, இனிமேலாச்சும் எனக்குச் சோத்துக்கு மோரு மிஞ்சும். நீ கறுத்துருச்சு கறுத்துருச்சுன்னு குதிச்சுக்கிட்டு வந்தியே, அன்னைக்கு இவன் பூ கறுக்காம இருக்க ஊறப்போடன்னு வச்சிருந்த மோரை நான் எடுத்துக் குடிச்சுப்புட்டேன்னு என்னைய என்ன பேச்சுப் பேசுனான் தெரியுமா!"