வக்கீல் கோட்டை விட்ட கதை

தெரிந்த வித்தையை நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும் என்கிற அரிப்பு இளவயதில் எல்லோருக்கும் வரும். எனக்குச் சற்று அதிகம். அறுபதுகளில் செஞ்சியில் ஒரு வக்கீலிடம் சுருக்கெழுத்தாளனாகச் சேர்ந்த புதிதில், அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, காகிதத்தைப் பார்க்காமலே எழுதுவேன். பார்வை ஜன்னல் வழியே ராஜகிரி மலைமேல் இருக்கும். (என்ன தெனாவெட்டு!)

சுருக்கெழுத்தில் ஒரு சங்கடம். காபிக்கு வரும் 'க'வுக்கு மெல்லிய கோடு. அதையே அழுத்திப் போட்டால் கவர்னருக்கு வரும் 'க'. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், பேனாவுக்கு அப்படியில்லை.

ஒருநாள் காலை, பக்கத்து ஊரான அனந்தபுரத்துக் கட்சிக்காரர் ஒருவருக்கு வக்கீல் அவசரக் கடிதம் சொன்னார். "நேற்று உங்கள் வீட்டில் விட்டுவந்த என் கறுப்புக் கோட்டைக் கொடுத்தனுப்பவும்." மலையைப் பார்த்தபடி நான் பேனாவை அழுத்திவிட்டேன். டைப் அடிக்கும்போது பார்த்தால் தடித்த கோடு. இங்கிலீஷில் 'கோட்' என்றால் ஆடும்தானே? அம்மனுக்கு வேண்டிக்கொண்ட கிடாவாக இருக்கும் என்று பக்தியோடு முடிவுகட்டி, ஆடென்றே அடித்தேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"மத்தியானம் கேஸ் இருக்குது. நீயே போய் வாங்கியாந்துடு!"

கட்சிக்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆடா? இங்க எப்ப உட்டாரு? சரி, வக்கீலய்யா கேட்டு இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்று மந்தையிலேயே கொழுத்த கறுப்புக் கிடாவாகப் பிடித்துக் கொடுத்தார். கண்டக்டர் கிடாவை பஸ் கூரைமேல் ஏற்றினார். துணைக்கு என்னையும்.

கோர்ட் வாசலில் வக்கீல் வெள்ளைச் சட்டையோடு தவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?"

"நீங்க கேட்டதுதான் சார்."

"நான் கேட்டது கோட்டுய்யா!"

"அதான் சார், கோட்டு!"

அதற்குள் அவர் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பருத்த வக்கீலின் கோட்டைக் கெஞ்சி வாங்கி, அதற்குள் தொலைந்துபோனவர்போல் உள்ளே ஓடினார். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். வேலை போய்விட்டது, வீட்டில் என்ன சொல்வது என்று அழுகை முட்டியது. கிடா வேறு விடாமல் கத்தியது.

வெளியே வந்தவர் என்னை முறைத்தார். கிடாவைப் பார்த்தார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஜட்ஜே சிரிச்சுட்டாருய்யா! போ, ஆட்ட உட்டுட்டு கோட்ட வாங்கியா. நாளையிலேர்ந்து குனிஞ்சு எழுது!"

குனிந்தே எழுதி, அவரிடமே பல காலம் நிம்மதியாக வேலை பார்த்தேன். வீட்டில்தான் அந்தக் கிடாவிடமிருந்து விடுதலை இல்லை. என் மகள் கல்யாணப் பேச்சில், "மாப்பிள்ளைக்கு ஒரு கோட்டு எடுத்துடுங்க" என்றார் சம்பந்தி. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி குறுக்கிட்டாள்.

"இவருகிட்ட மட்டும் சொல்லாதீங்க சம்பந்தி. இங்க கட்டுறதுக்கு எடமில்ல."