நோயின் எடை எழுபது கிராம்

அந்த நகரத்தில் எலுமிச்சைக்குத் தட்டுப்பாடு வந்ததற்கு வறட்சி காரணமில்லை. பூட்டிக் கிடந்த மெத்தைக் கடையை வாடகைக்குப் பிடித்து, எலுமிச்சை மாமேதை ஒருவர் வந்து இறங்கியிருந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அந்தக் கருவி இதுவரை எதையும் கேட்டதாகத் தகவல் இல்லை. காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். பல்வலி, மூட்டுவலி, மாமியார் தொல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பழம்.

வைத்தியம் எளிது. கூடத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். எலுமிச்சையை முதல் தொட்டியில் போடுவார், மிதக்கும். அப்பாவிப் பழம், கனமே இல்லை என்பார். அதை எடுத்து நோயாளியின் உச்சந்தலையில் ஏழு நிமிடம் உட்கார வைப்பார். பிறகு இரண்டாவது தொட்டியில் போட்டால், கல் மாதிரி அடியில் போய்க் குந்தும். உறிஞ்சிய நோயின் பாரமாம். நோய் எத்தனை கிராம் என்று அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவார். எதில் நிறுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தராசே இல்லாத கடையில் எடைக்குறைவு எப்படி வரும்?

கொஞ்ச நாளில் அந்த அட்டை அந்தஸ்தாகிவிட்டது. வங்கி மேலாளருக்கு நாற்பது கிராம்தான் என்று தெரிந்ததும், அவருக்குக் கீழே வேலை பார்த்த குமாஸ்தா தன்னுடைய ஐம்பத்தைந்தை மேசை இழுப்பறைக்குள் ஒளித்துவைத்தார். பதவி உயர்வு நேரம், பாருங்கள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு எழுபது கிராம். பணிமனையில் அதுதான் உச்சம். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார், நொண்டியபடி. பத்து வருடச் சர்க்கரை வியாதி. மாத்திரையும் எலுமிச்சையும் ஜென்மப் பகை என்று மாமேதை சொன்னதால், மாத்திரைகளைக் குப்பையில் கொட்டியிருந்தார். இடது கால் கட்டைவிரல் புண் ஓரம் கறுக்கத் தொடங்கியது.

அவர் மனைவி கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். அவர் அசையவில்லை.

"இன்னும் முப்பது கிராம்தான் பாக்கின்னு சொல்லியிருக்காரும்மா. இறங்கிட்டா விரல் தானா ஆறிடும்."

"விரல் இருந்தாத்தானே ஆறும்" என்றாள் அவள்.

மறுநாள் அவளும் கூடவே போனாள். கணவருக்கு முறை வந்தது. மாமேதை முதல் தொட்டியில் பழத்தைத் தொப்பென்று போட, ஒரு துளி தெறித்து அவள் விரல்மேல் விழுந்தது. சுரீரென்றது. விரலில் கத்தி கீறிய காயம். அவள் வேலை பார்ப்பது ஊறுகாய்த் தொழிற்சாலையில். இருபது வருடமாக உப்புத்தண்ணீர்ப் பிரிவு. அந்த எரிச்சல் அவளுக்குச் சொந்தக்காரி மாதிரி. தொட்டி விளிம்பைப் பார்த்தாள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

அவள் பிரிவில் தினமும் நடக்கிற காரியம்தான் இது. பீப்பாயில் உப்பைக் கரைத்ததும் ஒரு எலுமிச்சையைப் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் உப்பு போதும். முங்கினால் இன்னும் ஒரு படி உப்பு.

 ஏழு நிமிடம் முடிந்து, கணவர் தலையிலிருந்து இறங்கிய பழம் இரண்டாவது தொட்டியின் அடியில் போய்க் குந்தியதும் அவள் எழுந்தாள். கையை விட்டு அதை எடுத்து மறுபடி முதல் தொட்டியில் போட்டாள். மிதந்தது.

கூடத்தில் ஒரு சலசலப்பு. மாமேதை அசரவில்லை. பழம் நோயை மன்னித்துவிட்டது என்றார். வரிசையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

அவள் மாமேதையின் கூடையிலிருந்து புதுப்பழம் ஒன்றை எடுத்து இரண்டாவது தொட்டியில் போட்டாள். முங்கியது.

"இது யார் தலையிலும் உட்காரல. இதுக்கு என்ன வியாதி சார்?"

"பழத்துக்கே சளி பிடிச்சிருக்கலாம்" என்றார் மாமேதை. அதற்கும் நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். ஆட்டிப் பழகிய தலை, பாவம்.

"சரி. முதல் தொட்டித் தண்ணில ஒரு டம்ளர் நீங்களே குடிங்க. நான் இவரைக் கூட்டிட்டுப் பேசாம போயிடறேன்."

மாமேதைக்கு அன்று விரதமாம். வரிசையில் நின்ற வங்கி மேலாளருக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்தார். தூவென்று துப்பினார்.

"உப்பு. வெறும் உப்புத்தண்ணி."

மாமேதையின் நோய் நீக்கும் சக்தி கால்களில்தான் இருந்திருக்கிறது. பின்வாசல் வழியாகப் போனவர் போனவர்தான். நாற்பது கிராமும் இல்லை, ஐம்பத்தைந்தும் இல்லை என்று உறைத்ததும், மேலாளரும் அவருக்குப் பின்னால் நின்ற குமாஸ்தாவும் பல நாளுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் போகும்போது கணவர் தன் அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்போ என்னோட எழுபது கிராம்?"

"அது இன்னும் உங்க உடம்புலதான் இருக்கு. ஆஸ்பத்திரி வந்தாச்சு, இறங்குங்க."

விரல் பிழைத்தது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்றார் டாக்டர். எலுமிச்சைச் சாறு குடிக்கலாமா என்று ஓட்டுநர் பயந்துகொண்டே கேட்டார். தாராளமாக, சர்க்கரை போடாமல், மாத்திரையை விடாமல் என்றார் டாக்டர்.

நல்ல பழம்தான் அது. ஈறுக்கு நல்லது, தாகத்துக்கு நல்லது, பாத்திரக் கறைக்கு ரொம்ப நல்லது. நமக்காக யோசிக்கிற வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். தலைக்கு மேலே எதை உட்கார வைத்தாலும், வேலை நடக்க வேண்டியது உள்ளே.