உருவொத்த சொற்கள் பிரித்தறியும் பிரிவு

நாகரிகத்தின் உச்சி எது என்று யாராவது உங்களைக் கேட்டால் மலைத்துப் போய் நிற்காதீர்கள். ஒரு சோப்புக் கம்பெனியின் மூன்றாம் மாடியில், குடிதண்ணீர்க் குழாயை அடுத்திருந்த அறையைக் கைகாட்டிவிடுங்கள். வாசலில் பலகை தொங்கும்: 'உருவொத்த ஸ்பானியச் சொற்கள் பிரித்தறியும் பிரிவு'.

அந்தக் கம்பெனியின் சோப்பும் ஷாம்பூவும் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்குப் போயின. பெட்டிக்குப் பெட்டி அந்த மொழியில் ஒரு விளக்கத் தாள். அந்த மொழியிலோ சில சொற்கள் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. 'ஹபோன்' என்றால் சோப்பு. 'ஹமோன்' என்றால் உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. 'கபெய்யோ' தலைமுடி, 'கபாய்யோ' குதிரை. ஒன்றின் நாற்காலியில் இன்னொன்று போய் உட்கார்ந்துவிட்டால், சரக்கோடு சேர்ந்து மானமும் கப்பலேறும்.

ஆகவே சரிபார்ப்பவர்கள் ஆறு பேரும் தலைவர் ஒருவரும் நியமிக்கப்பட்டார்கள். ஏழு பேருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. தெரிந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்பது பிரிவின் கொள்கை. சுவரில் ஒரு கரும்பலகை; அதில் இந்த இரட்டைச் சொற்கள் ஜோடி ஜோடியாக எழுதியிருக்கும். தாளைப் பலகையோடு ஒப்பிட வேண்டும். ஜோடியில் ஒன்று நாற்காலி மாறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால் கைதூக்க வேண்டும். அவ்வளவு நுட்பமான வேலை.

ஸ்பானிய மொழி தெரிந்த ஒரே பிறவி, தாள்களை எழுதும் மொழிபெயர்ப்புக்காரி. தற்காலிக ஊழியர். கணவன் வேலை பார்த்த அச்சகம் மூடிப்போய், அவன் வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு வேலை நிரந்தரமானால்தான் மகள் கல்லூரி வாசலை மிதிக்க முடியும்.

ஒருநாள் தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

"வந்ததுலேருந்து நீங்க ஒரு தப்புகூடப் பண்ணலையேம்மா."

"ரொம்ப நன்றி சார்."

"நான் பாராட்டலை. விளக்கம் கேக்கறேன்."

"எதுக்கு சார் விளக்கம்?"

"நீங்க பாட்டுக்குச் சரியா எழுதிட்டுப் போயிடறீங்க. இங்க ஆறு பேர் எதைப் பிடிக்கறது? ஆண்டறிக்கையில 'பிடிபட்ட பிழைகள்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல முட்டை போட்டு அனுப்பினா பிரிவை மூடிடுவாங்க. அந்த ஆறு பேர்ல மூத்தவருக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கரையேத்தணும். மனசாட்சி வேணாமா?"

"தெரிஞ்சே எப்படி சார் தப்பா எழுதறது?"

"தெரியாம எழுதினா அது அலட்சியம். தெரிஞ்சு எழுதினா அது திட்டமிடல்." அவர் குரலைத் தழைத்தார். "உங்க நிரந்தர ஆணையும் என் மேஜையிலதான்மா தூங்குது."

அடுத்த தாளில் வாடிக்கையாளர்கள் 'பன்றித் தொடையை நன்கு நுரைக்கத் தேய்த்துக் குளிக்க' வேண்டப்பட்டார்கள். மூத்த சரிபார்ப்பவர் அதைக் கண்டுபிடித்தார். "தங்கச்சி, மாட்டினியா!" என்று துள்ளினார். பல நாளாக ஒன்றும் சிக்காமல் வாடிப்போயிருந்த முகம் அது. எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அடுத்த வாரம், 'உங்கள் குதிரை பட்டுப்போல் மின்னும்'. மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளதைச் சொன்னால், அவளுக்கே அதில் ருசி தட்டிவிட்டது. சும்மா ஒரு தப்பு போதாது, களையான தப்பாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு என்ன தப்பு?" என்று கணவன் காலரைத் தேய்த்துக்கொண்டே கேட்பான்.

"போங்க, அதெல்லாம் ஆபீஸ் ரகசியம்."

பிரிவின் புகழ் மேலே எட்டியது. இயக்குநரே பிரிவின் கூட்டத்தை நேரில் வந்து பார்க்கப்போவதாகத் தகவல் வந்தது. தலைவர் அவளிடம் ஓடி வந்தார்.

"அம்மா, குதிரை பன்றியெல்லாம் இனிமே எடுபடாது. கனமா ஒண்ணு வேணும். பிடிக்காம விட்டா ஆபத்துன்னு தோணணும். அப்பதான் நம்ம அருமை தெரியும்."

வந்திருந்ததோ குழந்தைகளுக்கான ஷாம்பூவின் தாள். 'கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று அதில் ஒரு வரி. 'ஓஹோஸ்' என்றால் கண்கள். 'ஆஹோஸ்' என்றால் பூண்டு. 'பூண்டில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று தட்டினாள். தலைவர் பூரித்துப்போனார். அந்த ஜோடியைப் பலகையின் உச்சியில் எழுதி அடிக்கோடிட்டார். இந்த ஜோடியில் ஒன்று வரும் என்று மூத்தவரின் காதிலும் போட்டுவைத்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள்தான் அவளுக்கு உறைத்தது. கூட்டம் முடிந்த கையோடு தாள் அச்சுக்குப் போகிறது. மூத்தவருக்கோ கண்ணில் புரை. மற்ற ஐந்து பேரும் மூத்தவர் கை தூக்கினால் தூக்குகிறவர்கள். அவர் கோட்டை விட்டால்? எங்கோ ஒரு தாய் பூண்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுவாள்.

நிரந்தரம் போனால் போகட்டும் என்று, பூண்டை அழித்துக் கண்ணையே போட்டு, தாளை உறையில் வைத்தாள். நெஞ்சு லேசாயிற்று. வேலை போய்விட்டதாக நினைத்துக்கொண்டு மேஜை இழுப்பறையைக்கூடத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் இயக்குநர் நடுவில் அமர, மூத்தவர் எழுந்து தாளைக் கண்ணருகே பிடித்தார். பலகையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"பிடிச்சுட்டேன்!" என்றார். "'ஓஹோஸ்'! பலகையில ரெண்டு இருக்கு. இங்க ஒண்ணு இருக்கு. அப்ப இன்னொண்ணுதான் சரி!"

ஆறு கைகளும் உயர்ந்தன. அவள் பதறி எழுந்தாள்.

"அண்ணே, வேணாம்ணே! அது சரியாத்தான் இருக்கு. அதுதான் கண்ணு!"

"யாரு இவங்க?" என்றார் இயக்குநர்.

"பிழை செஞ்சவங்க சார்" என்றார் தலைவர்.

"சார், நான் தப்பா எழுதியிருந்தேன். நேத்துத்தான் சரி பண்ணினேன். நிஜமா சார்!"

"தப்பு பண்ணவங்களே இவ்வளவு அடிச்சுச் சரிங்கறாங்க பாருங்க" என்று இயக்குநர் வியந்தார். "பிழை எவ்வளவு ஆழமா வேரோடியிருக்கு! இந்தப் பிரிவு இல்லேன்னா நம்ம கதி என்ன?"

மூத்தவர் சிவப்பு மையால் கண்ணை அடித்துப் பூண்டை எழுதினார். பலத்த கரவொலி. இயக்குநர் தாளில் கையெழுத்திட்டார். அதே பேனாவால், பிழை செய்தாலும் துணிந்து வாதாடும் ஊழியரை ஊக்குவிக்கும் பொருட்டு, அவளுடைய நிரந்தர ஆணையிலும் கையெழுத்திட்டார்.

அவள் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுப் பிரிவுக்கு ஓடினாள்.

"ஒரே ஒரு எழுத்துங்க. மாத்திக் குடுங்க."

"இயக்குநர் கையெழுத்து விழுந்தாச்சேம்மா" என்றார் அச்சுக்காரர். "இனி எழுத்தை அசைக்கணும்னா கூட்டம் போடணும். இல்ல, நீங்க எழுதிக் குடுங்க, 'நான்தான் பொறுப்பு, கூட்டத்து முடிவை மீறி மாத்தச் சொன்னேன்'னு. இப்பவே மாத்தறேன்."

காகிதத்தையும் நீட்டினார். அவள் பேனாவை எடுத்தாள். எழுதினால் அந்த ஆணை கையில் நிற்காது. மகளின் கல்லூரி கண்ணுக்குள் வந்து நின்றது. பேனாவை வைத்துவிட்டு, மகளுக்குப் பிடித்த மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஷாம்பூ கப்பலேறியது. பிரிவுக்கு அந்த ஆண்டின் சிறந்த பிரிவு என்ற கேடயம் கிடைத்தது.

அப்புறம் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. அவற்றைக் கேட்டுக்கொள்வதற்கென்று அடுத்த அறையில் கம்பெனி ஒரு புதுப் பிரிவைத் திறந்தது. மொழி தெரிந்தவர் என்ற முறையில் மொழிபெயர்ப்புக்காரியே அதற்குத் தலைவி. சுழலும் நாற்காலி, தனி மின்விசிறி.

முதல் மணி அடித்தது. எடுத்தாள். ஒரு பெண் அழுதுகொண்டே வேகமாகப் பேசினாள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்லையாவது வேறு ஏதாவது சொல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று தலைவி தன்னாலானமட்டும் முயன்றாள். முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, தனித்தனியாக, துளிக் குழப்பமும் இல்லாமல் விளங்கியது.