நாற்பது தொட்டிகளும் ஒரு ஜன்னலும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எங்கள் அறையின் ஒரே ஜன்னலை மூடியது நீங்கள்தான். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அப்பா சொல்வார், அதனால் விசாரிக்கிறேன். நீங்களும் சித்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் வீட்டில் ஜன்னல் திறக்கும். இங்கே நாற்பது செடிகள் நலம். மனிதர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

செருப்புப் பட்டறையில் அடித்தோல் ஒட்டும் அறையில் நாங்கள் பதினோரு பேர். நாள் முழுக்கத் திறந்த டப்பாவில் சொல்யூஷன் பசை. அதில் பிரஷ்ஷை முக்கித் தடவி, காயவிட்டு, ஒட்டி அழுத்த வேண்டும். மதியத்துக்குள் தலை கிறுகிறுக்கும், வாயில் எதை வைத்தாலும் சொல்யூஷனாகவே இருக்கும். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு இரண்டு வருஷம் முதலாளியிடம் நடையாய் நடந்து, ஒருவழியாகப் போன மாதம் எலக்ட்ரீஷியன் வந்து சுவரில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் பார்த்துத்தானா பத்திரிகையில் உங்கள் கட்டுரை வர வேண்டும், காற்றைச் சுத்தம் செய்யும் பத்துச் செடிகள் என்று? நானும் புத்தி கெட்டுப்போய், எங்க சித்தப்பா எழுதினது என்று அதைப் பட்டறை முழுக்கக் காட்டினேன். முதலாளியிடமும் காட்டினேன். அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறார். மறுநாள் துளை போடும் மெஷினோடு வந்த எலக்ட்ரீஷியனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, மதியம் ஒரு வண்டி நிறையத் தொட்டிகளை இறக்கினார். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று எழுந்த என்னை அவரே தடுத்தார்.

"ஏம்மா, செடி பாடுபட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணி வைக்குது. நீ ஜன்னலைத் தொறந்தா அவ்வளவும் வெளிய போயிடாதா?"

சொன்னதோடு நிற்கவில்லை, ஜன்னலை மூடி ஆணி அடித்தார். கட்டுரை எழுதியவரின் அண்ணன் மகள் என்பதால் செடிகளுக்கு நானே பொறுப்பாம். இலை இலையாக ஈரத்துணியால் துடைத்தேன். பத்தே நாளில் எல்லாம் மஞ்சளாகிப்போயின. முதலாளி பதறிப்போய் நர்சரிக்காரரை அழைத்து வந்தார். அந்த மனுஷன் அறைக்குள் ஒரு கால் வைத்ததுமே சட்டையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த நாற்றத்தில் செடி எப்படிப் பிழைக்கும், காலையும் மாலையும் வெளியே கொண்டுபோய்க் காற்றாட வையுங்கள் என்றார். அன்றிலிருந்து பத்து மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, நாற்பது தொட்டிகளும் பின்கட்டு முற்றத்துக்குப் போய் அரை மணி நேரம் மூச்சு வாங்குகின்றன. தூக்கி வைத்துவிட்டு நாங்கள் உள்ளே வந்துவிட வேண்டும்.

என் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு மூன்று மாதமாக இருமல். டாக்டரிடம் போக அரை நாள் லீவு கேட்டார். அதான் செடி வந்திருக்கே, இன்னும் ஒரு வாரம் பாரும்மா என்றார் முதலாளி. அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"மொதலாளி, என்னையும் ஒரு தொட்டியில நட்டு வைங்க. பத்து மணிக்கு வெளிய தூக்கிட்டுப் போவாங்கல்ல."

அறையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. இருமல் நின்ற பிறகு வந்தால் போதும் என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார். அக்கா சம்பாதித்தால்தான் அவர் வீட்டில் நாலு பேர் சாப்பிடுவார்கள். உங்களுக்குப் போன் செய்து சொன்னால், நான் வீட்டைப் பத்தித்தாம்மா எழுதினேன், பட்டறையைப் பத்தி எழுதலையே என்கிறீர்கள். உங்கள் வீட்டைப் பற்றியும் எனக்குத் தெரியும் சித்தப்பா. ஹாலில் இருப்பது ஒரே ஒரு செடி, அதுவும் பிளாஸ்டிக், சித்தி வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறார். ஆகவே அடுத்த இதழில் உங்கள் பெயர் போட்டே எழுதுங்கள்: சொல்யூஷன் புகைக்குச் செடி மருந்து இல்லை, ஜன்னலைத் திற, ஃபேனை மாட்டு.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் வீட்டுத் தம்பி நன்றாகப் படித்து, காற்று வரும் இடத்தில் வேலைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன், தலையில் அடித்துக்கொண்டார். செடியால் பயனில்லை என்று நீங்கள் எழுதினால் முதலாளி தொட்டிகளைத்தான் தூக்கி எறிவாராம், ஆணியைப் பிடுங்க மாட்டாராம். தொட்டி தூக்கும் சாக்கில் கிடைக்கிற நாலு மூச்சும் போய்விடும். அதனால் வேறு மாதிரி எழுதுங்கள். செடிகளை நாள் முழுக்க முற்றத்தில் வைக்க வேண்டும், பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு ஆள் உட்கார வேண்டும், அந்த ஆளுக்கு இருமல் இருந்தால் செடிக்கு இன்னும் நல்லது என்று எழுதுங்கள். நீங்கள் எழுதினால் அவர் நம்புவார், அடிக்கோடும் போடுவார். இதைச் சொல்லத்தான் நேற்றிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டுவிட்டேன். போனை எடுங்கள் சித்தப்பா.