ஓடாமலே மூடிய கோச்சிப் பாதை

ரயில் ஓடி, நட்டப்பட்டு, மூடப்பட்ட பாதைகள் உலகில் எத்தனையோ உண்டு. ஒரு தண்டவாளம்கூடப் போடாமல், ஒரு பயணியையும் துன்புறுத்தாமல், முறைப்படி மூடப்பட்ட ஒரே பாதை கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊரில்தான் இருந்தது. அதன் வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு. 'புகையிரத வரவேற்புச் சங்க'த்தின் செயலாளர் நான்தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், கொழும்பில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து நில அளவையாளர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மட்டக்களப்போடு நின்றுவிட்ட ரயில், எங்கள் பாஷையில் கோச்சி, எங்கள் ஊருக்கும் வரப்போகிறதாம். சங்கத் தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியார் உடனே கந்தூரி விருந்து கொடுத்தார். வராத கோச்சிக்கு மௌலூது ஓதி, ஊர் முழுக்க நார்சாச் சோறு பங்கிட்ட பெருமை வேறு எந்த ஊருக்கும் கிடையாது.

வயிறு நிறைந்த அதிகாரிகள், ஸ்டேசன் எங்கே வரலாம் என்று கேட்டார்கள். ஹாஜியாரின் தென்னந்தோட்டம் பெருந்தெருவோரம் விரிந்து கிடந்தது. ஆனால் சத்தம் கேட்டால் தென்னையில் குரும்பை கொட்டிவிடும் என்பது அவருடைய விஞ்ஞானம். அவர் வேலிக்கு அப்பால் கையை நீட்டினார்.

"சேர், இந்த வளவுதான் தோதான இடம். நல்ல காத்தோட்டமும் இரிக்கி."

அந்த வளவு முனவ்வறாவுடையது. கணவன் மௌத்தான பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்த வளவும் மகள் நதீராவும்தான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டி வைத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். வீடு இல்லையென்றால் மாப்பிள்ளையும் இல்லை. நதீராவுக்கு றவூப் மாஸ்டரைப் பேசி முடித்து, பழைய வீட்டை உடைத்து, புது வீட்டுக்கு யன்னல் மட்டம் வரை சுவர் எழுப்பியிருந்தாள். தாயும் மகளும் வேலியோரத்துக் கொட்டிலில் இருந்தார்கள்.

"ஹாஜியார், இது எண்ட புள்ளைக்குக் கட்டுற ஊடு!" என்று ஓடிவந்தாள்.

"ஊடு எங்கயும் கட்டலாம் முனவ்வறா. ஸ்டேசன் எங்கயும் வருமா?"

"எங்கயும் கட்டுறத்துக்கு எனக்கு எங்க காணி?"

"ஊருக்காக ஒரு தியாகம் செய்யப்படாதா?" என்று ஹாஜியார் பெருமூச்சு விட்டார். அடுத்தவர்கள் செய்யும் தியாகம் எதையும் அவர் தடுத்ததே கிடையாது.

கொட்டிலை மட்டும் வெளியே விட்டு, வளவின் நாலு மூலையிலும் கல் நட்டார்கள். அத்தோடு ஜீப்பில் கல் முடிந்துவிட்டது. மிச்சக் கல் அடுத்த மாதம் வரும் என்று சொல்லிப் போனார்கள். ஆகவே எங்கள் பாதைக்கு நீளம் என்று ஒன்று இருக்கவில்லை. ஸ்டேசன் மட்டும் இருந்தது.

ஸ்டேசன் இருந்தால் ஸ்டேசன் மாஸ்டர் வேண்டாமா? பாண்டிருப்பிலிருந்து அழகரெத்தினம் வந்தார். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு பச்சைக் கொடி. அந்த வருடக் கடைசியில் அடித்த சூறாவளி தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் குடை பிடித்துக்கொண்டு கடமையைத் தொடர்ந்தார். அவர் காலத்தில் ஒரு கோச்சியும் பிந்தியதில்லை. ஒரு விபத்தும் நடந்ததில்லை. பதவி உயர்வும் கிடைத்தது.

முனவ்வறா அவரிடம் போனாள்.

"ஐயா, மிச்சச் சுவரக் கட்டட்டா?"

"அதெப்படி? கோச்சி வந்து மோதினா?"

"எந்தக் கோச்சி?"

"வாற கோச்சி."

"அது எப்ப வரும்?"

"நேரத்துக்கு வரும்," என்றார் அழகரெத்தினம்.

றவூப் மாஸ்டரின் உம்மா, "ஊடு முடியட்டும், பாப்பம்," என்று ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் சொல்லியனுப்பினாள். நதீரா அந்தக் கற்களில் சீலை காயப்போட்டபடி அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டாள். அரச கல் என்பதால் சீலை காயப்போடுவதையும் சங்கம் தடைசெய்தது.

எண்பத்தொன்றில், 'பயணிகள் வருகை எதிர்பார்த்த அளவில் இல்லாமையால்' பாதை மூடப்படுவதாக அறிவித்தார்கள். சங்கம் அவசரமாகக் கூடியது. முனவ்வறா கூட்டத்துக்குள் நேராக வந்து நின்றாள்.

"மூடியாச்சு எண்டா கல்லப் புடுங்கித் தாங்க."

ஹாஜியார் கனிவோடு விளக்கினார். "கோச்சி ஓடி முடிஞ்சிருந்தா நீ கேக்கிறது நியாயம். இது ஓடவே இல்லயே! ஓடாத கோச்சிக்கு வேல எப்பிடி முடிஞ்சதாகும்?"

இத்தனை ஆழமான சட்ட விளக்கத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மூடிய ஸ்டேசனைப் பராமரிக்கும் பொறுப்பைக் கந்தோர் எங்கள் சங்கத்திடமே விட்டது. பராமரிக்க ஒரு 'பாதுகாவலர்' தேவை. ஹாஜியாரைத் தெரிவு செய்தோம். பாதுகாப்பதென்றால் அங்கே ஆள் குடியிருக்க வேண்டும். குடியிருக்க வீடு வேண்டும். யன்னல் மட்டத்தில் நின்ற சுவர் ஏற்கெனவே தயாராக இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. வீடு முடிந்தால் குடியேற்றத் தன் மகள் றபீக்கா இருக்கிறாள் என்பது ஹாஜியாருக்கு நினைவு வந்தது. றபீக்காவுக்கு மாப்பிள்ளை வேண்டும். வீடு முடியட்டும் என்று ஒரு மாப்பிள்ளை வருடக்கணக்காகக் காத்திருந்தது ஊருக்கே தெரியும். எல்லாத் தீர்மானங்களையும் நானே வழிமொழிந்தேன்.

றபீக்காவின் கல்யாணத்தன்று றவூப் மாஸ்டர் காரில் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற அழகரெத்தினம் அழைப்பின்பேரில் வந்து பச்சைக் கொடி காட்டினார். நான் மாலை போட்டு, "எமது ஸ்டேசனில் வந்திறங்கிய முதற் பயணியே, வருக!" என்று முழங்கினேன். கூட்டம் கைதட்டியது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலியோரத்தில் முனவ்வறா நின்றாள். கொட்டிலின் கதவை நதீரா உள்ளிருந்து சாத்தியிருந்தாள். ஊர் வரலாற்றில் அவளுக்கும் இடம் கொடுக்க எண்ணி அருகில் போனேன்.

"ராத்தா, கோச்சி வராட்டியும் நம்மட ஊருக்கு என்ன மாதிரிப் பேர் வந்திரிக்கி, பாத்தீங்களா?"

"கோச்சி வரல்ல எண்டு ஆரு தம்பி சொன்ன?" என்றாள் முனவ்வறா. "வந்ததுதான். எண்ட புள்ளைக்கு மேலாலதான் போயிரிக்கி. ஓட்டினது ஹாஜியார். ஏறிப் போனது நீங்க எல்லாரும்."