லாக்டோமீட்டரும் ஆறு நாவல்களும்

"தெரியாத விசயத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன்" என்றார் கண்ணுச்சாமி.

"நாலே வரிதாம்ப்பா. படிச்சுப் பாருங்க" என்று தாளை நீட்டினாள் செண்பகா.

கண்ணுச்சாமி தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். 'என் மகள் இந்த நாவலை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தாள் என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

செண்பகா ராஜபாளையத்தில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் புதிதாக ஓர் ஏற்பாடு. இந்த வயதுப் பிள்ளைகள் வாசிக்க ஏற்றவை என்று பத்து நாவல்களைப் பட்டியல் போட்டு, புத்தகங்களையும் ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் படித்து ஒரு பக்கம் கருத்து எழுத வேண்டும். வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

"எத்தனை பக்கம்?"

"நூத்தி இருவது."

"எம்புட்டு நாள்ல படிச்ச?"

"ரெண்டு நாளு."

"ஏட்டி, ரெண்டு இட்லியைத் தின்னு எந்திரிக்க முக்கால் மணி நேரம் ஆக்குறவ நீ. ரெண்டு நாள்ல நூத்தி இருவது பக்கமா? யார்கிட்ட கதை விடுற?"

அடுப்படியிலிருந்து பாண்டிசெல்வி எட்டிப் பார்த்தாள். "பெத்த புள்ளையக்கூட நம்ப மாட்டியளா? போட்டுக் குடுங்க, வேன் வந்துரும்."

"ஒன் அப்பாவையே நம்பாதவன் நானு" என்றார் கண்ணுச்சாமி.

அது உண்மைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாகப் பால் சோதித்து வாங்குகிற வேலை அவருக்கு. விடிந்ததும் சுந்தரபாண்டியம், மகாராஜபுரம் பக்கமிருந்து கேன்களோடு வந்து வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு கேனிலும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்ப்பார். "தண்ணி" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. சத்தியம் பண்ணுகிறவன் பாலை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார். ஒருநாள் மாமனார் கொண்டுவந்த பாலையும் அப்படியே திருப்பி அனுப்பினார். அதிலிருந்து மாமனார் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை.

நாவலைச் சோதிக்க லாக்டோமீட்டர் கிடையாது. படித்துத்தான் ஆக வேண்டும். அவரோ அஞ்சாம் வகுப்போடு நின்றவர்.

"புக்கை இங்கிட்டுக் குடு. நானே படிச்சுட்டுக் கேள்வி கேப்பேன். சரியாச் சொன்னாத்தான் கையெழுத்து."

செண்பகாவின் முகம் சுருங்கிப் போயிற்று. அதைப் பார்த்ததும் கண்ணுச்சாமிக்குச் சந்தேகம் இன்னும் ஒரு டிகிரி ஏறியது.

புத்தகத்தைப் பட்டறைக்கே கொண்டுபோனார். முதல் நாள் நாலு பக்கம் நகர்ந்தது. உதடு அசையாமல் அவருக்குப் படிக்க வராது. பாத்திரம் கழுவுகிற மாடத்தி, "என்னண்ணே, சாமிக்கு மந்திரமா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தாள். கதையில் ஒரு சிறுமி. அவளுக்கு ஒரு கழுதை. ரெண்டும் மலையடிவாரத்திலிருந்து எங்கேயோ கிளம்பிப் போயின. கழுதைக்குத் தண்ணி காட்டாமல் இவ்வளவு தூரம் ஓட்டுகிறாளே என்று கண்ணுச்சாமிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் மறுநாள் ஒன்பது பக்கம் படித்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் கோவா கிண்டுகிற வினோத், "செத்த நேரம் பாத்துக்கிடுங்கண்ணே, டீ குடிச்சுட்டு வாரேன்" என்று துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் நாவல். கண்ணுச்சாமி கிண்டிக்கொண்டேதான் இருந்தார். ஆற்றில் வெள்ளம் வந்தது. பாலம் ஆடியது. அவர் கை நின்றது.

வாசனை தெருவுக்குப் போய், தெருவிலிருந்து முதலாளி பாண்டிதுரை ஓடிவந்தார்.

"என்ன கண்ணுச்சாமி இது?"

"அடிப்பிடிச்சுருச்சு மொதலாளி."

"அதை மூக்கு சொல்லுது. கையில என்ன வச்சிருக்கிய?"

"பாலம் ஒடைஞ்சு போச்சு மொதலாளி. கழுதை அக்கரையில நிக்குது."

பாண்டிதுரை வாணலியைப் பார்த்தார். கண்ணுச்சாமியைப் பார்த்தார். "சின்னப் புள்ளைக படிக்கிற புக்கு. இதுக்கு ஒரு அடுப்புக் கோவா போச்சா? இனிமே அடுப்புப் பக்கம் புக்கு வந்தா நீங்க வர வேண்டாம்."

மிச்சப் பக்கங்களையும் அன்றைக்கே முடித்துவிட்டார். சாயங்காலம் விசாரணை. தாய் ஜாடை காட்டிவிடுவாள் என்று பாண்டிசெல்வியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். செண்பகாவை எதிரே உட்கார வைத்தார். அவள் நோட்டையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"கருத்து எழுதணும்லப்பா."

"சரி. பாலம் ஒடைஞ்சு, கழுதை அக்கரையில மாட்டிக்கிடுச்சு. அந்தப் புள்ள மழையில ஓடிப்போயி பரிசல்காரன் வீட்டுக் கதவைத் தட்டுது. மொதல்ல என்ன கேட்டுச்சு?"

செண்பகா மேலே பார்த்தாள். "கழுதையக் காப்பாத்தச் சொல்லி."

கண்ணுச்சாமி திடுக்கிட்டார். சரியான பதில்.

"பரிசல்காரன் எப்படிப்பட்டவன்?"

"நீங்க என்னப்பா நினைக்கிறிய?"

"நானா? எழுதுனவரு நல்லவன்னு எழுதிட்டாரு. எனக்கு நம்பிக்கையில்ல. கொட்டுற மழையில, கேட்ட ஒடனே, கூலி பேசாம ஒருத்தன் பரிசலை எடுப்பானா? அவன் கண்ணு கழுதை மேலதான். கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன், அவன் திருடவே இல்ல. அம்புட்டு நேரம் பொறுமையா இருக்கான்னா எம்புட்டுப் பெரிய கள்ளனா இருப்பான்!"

"எனக்கும் அப்படித்தாம்ப்பா தோணுச்சு" என்றாள் செண்பகா.

இந்த வீட்டில் தன்னைப் போல யோசிக்கிற ஓர் ஆள் இருப்பது கண்ணுச்சாமிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஒரு கேன் நல்ல பாலாக இருந்துவிட்டால் அடுத்த கேனைச் சோதிக்காமல் விடுவாரா? இரண்டாவது நாவலை எடுத்தார். அதில் பட்டம் விடுகிற அண்ணன் தம்பி. மூன்றாவதில் சர்க்கஸ் கூடாரத்தில் காணாமல் போன ஒரு கிளி. அடுப்புப் பக்கம் புத்தகம் போகக் கூடாது என்றுதானே முதலாளி சொன்னார்? பால் வரிசையில் நின்றே படித்தார். இடது கை லாக்டோமீட்டரை மிதக்கவிடும். கண் கிளி மேல் இருக்கும். வாய் மட்டும் "ம்… ஊத்து" என்று சொல்லும்.

இந்தச் சங்கதி இரண்டே நாளில் மகாராஜபுரம் வரைக்கும் போய்விட்டது. மூன்றாம் நாள் வந்த பாலைக் கிண்டிக் கிண்டி வினோத்துக்குத் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. கோவா கெட்டியாகவில்லை.

"பத்தொம்பது வருசத்துல இப்படி ஒரு பாலை நான் பாத்ததில்ல" என்றார் பாண்டிதுரை. "கண்ணுச்சாமி, ஒங்களுக்குன்னு பேரு இருக்கு. அதுக்காகத்தான் இம்புட்டு நாளும் ஒங்க மூஞ்சியப் பொறுத்துக்கிட்டேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவேன்."

வேலையும் போகக் கூடாது, சோதிக்காமல் கையெழுத்தும் போடக் கூடாது. நாலாவது நாவலை எப்படியோ மொட்டைமாடியில் வைத்து முடித்தார். அதற்கும் செண்பகா டக்டக்கென்று பதில் சொன்னாள். தப்பாகச் சொன்ன இடங்களில் இவரே பொறுக்க முடியாமல் நடந்தது என்ன என்று விளக்கினார். "ஆமாப்பா, அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

இனி முடியாது. நேரே டீச்சரைப் பார்த்து, பட்டியலை நாலு நாவலோடு நிறுத்தச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி, ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார்.

பியூலா டீச்சர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"டீச்சர், இந்த நாவல் விசயமா ஒரு வார்த்தை. நாலு புக்கையும் நான் வரி விடாமப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதனால…"

"நீங்களே படிக்கிறீங்களா?" டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். "வரி விடாமலா? மத்த வீடுகள்ல தாளைத் திருப்பிக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்டு அனுப்புறாங்க சார். சிலர் கோடு மாறி தேதி எழுதற இடத்துல போட்டிருக்காங்க. நீங்க பொறுப்பா படிச்சிருக்கீங்களே!"

'சார்' என்று அவரை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. நிறுத்தச் சொல்ல வந்தவர் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதைவிட அதிசயம் ஒண்ணு சொல்றேன்" என்றார் டீச்சர். "முப்பத்தாறு பிள்ளைங்களும் பிரமாதமா எழுதறாங்க. அந்தப் பரிசல்காரனை நம்பக் கூடாதுன்னு அத்தனை பேரும் எழுதியிருக்காங்க! இருபது வருஷமா பாடம் நடத்துறேன், எனக்கு அது தோணவே இல்லை. கழுதைக்குத் தண்ணி காட்டலைன்னு வேற எல்லாருக்கும் கோபம்."

"இந்தக் காலத்துப் புள்ளைக வெவரம் டீச்சர்" என்றார் கண்ணுச்சாமி பெருமையாக. நாட்டின் எதிர்காலம் ஒன்றும் மோசமில்லை என்று அவருக்குப் பட்டது.

"ஆறு நாவல் முடிச்சவங்களுக்குப் பாராட்டு விழா வைக்கிறோம். நீங்கதான் வந்து பேசணும்."

நிறுத்தச் சொல்லப் போனவர், பேச ஒப்புக்கொண்டு திரும்பினார். போதாததற்கு, விழாவுக்குள் இன்னும் இரண்டு நாவல் பாக்கி. அவை இரண்டும் தலையணை கனம். சாப்பிடும்போது படித்தார். சவரம் பண்ணும்போது படித்து மீசையில் ஒரு பக்கம் போனது. சமமாக இருக்கட்டும் என்று மறுபக்கத்தையும் எடுத்தார். மீசையில்லாமல் போய் நின்றவரைப் பால்காரர்கள் புது ஆள் என்று நினைத்து, தண்ணி ஊற்றின கேன்களை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். புத்தகத்தைக் கீழே வைத்து, பதினோரு கேனையும் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு வேலை பிழைத்தது.

ஆறுக்கும் விசாரணை நடந்தது. ஆறுக்கும் கையெழுத்து விழுந்தது.

விழா அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினார். மொத்தம் முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் சான்றிதழ். முதல் பரிசு செண்பகாவுக்கு. கண்ணுச்சாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எவனையும் நம்பாத. எம்மகளையும் நான் நம்பல. ஆறு புக்கையும் படிச்சு, ஆறு தடவை கேள்வி கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு இடத்துலகூட என்னை ஏமாத்த முடியல. நீங்களும் ஒங்க புள்ளைகளச் சோதிங்க. என் கையெழுத்து மாதிரி ஒங்க கையெழுத்தும் சுத்தமா இருக்கணும். அம்புட்டுத்தான்."

கைதட்டல் ஓயவே இல்லை. பிள்ளைகள்தான் ரொம்ப பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாண்டிசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பியூலா டீச்சர் சால்வை போர்த்தினார். செண்பகா மட்டும் சான்றிதழைப் பார்த்தபடி தலைநிமிராமல் இருந்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் கண்ணுச்சாமி.

சால்வையோடு மேடையை விட்டு இறங்கினார். செண்பகாவோடு ஒரே வகுப்பில் படிக்கிற நாஜியா, பக்கத்துத் தெரு சேக் முகைதீன் மகள், ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அங்கிள், ஏழாவது புக்கையும் சீக்கிரம் படிச்சு செண்பகாகிட்ட கேள்வி கேட்டுருங்க, அவ எழுதிக்கிட்டு வந்தாத்தானே நாங்க முப்பத்தஞ்சு பேரும் பாத்து எழுத முடியும்!"